கெஸ்ட்டுக்குத்தான் கூலி

இந்த ஊரில் ஒருவரைப் பார்த்து "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் போச்சு. முகம் சிவந்து, காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நம் விழுப்புரத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினால் கண்டமங்கலம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் நம்முடைய பேர், ஊர், கல்யாணம், சம்பளம், பிடித்தம் போகக் கையில் வருவது எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்பார். வந்த புதிதில் அந்தப் பழக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டுத் தொலைத்தேன். அவர் பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் இதே ஜெர்மன்காரர்கள், ஃபுஸ்பால் என்கிற கால்பந்து ஆடுகிறவனின் சம்பளத்தை மட்டும் தங்கள் வீட்டுப் பணம் போல, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பைசா சுத்தமாகப் பேசுவார்கள். அதில் அவர்களுக்கு வெட்கமே கிடையாது.

எனக்கு எலும்பு முறிவு வார்டில் வேலை. இங்கே நர்ஸை ஷ்வெஸ்டர் என்பார்கள். கூடப் பிறந்த சகோதரிக்கும் அதே சொல்தான். வார்டில் ஹெர் பெக்கர் என்று ஒரு கிழவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இடுப்பு எலும்பு உடைந்து வந்திருந்தார். ஒரு காலையில் நான் தெர்மாமீட்டரோடு போனபோது பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். இந்த ஊர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆட்டக்காரன் இத்தாலி கிளப் ஒன்றுக்குப் போகிறானாம். மலை போலச் சம்பளமாம். "மூன்று தெரு தள்ளி வளர்ந்தவன், ஷ்வெஸ்டர்! உன்ஸர் யுங்கெ! காசுக்கு விலைபோய்விட்டான். ஒரு பந்தை உதைப்பதற்கு இவ்வளவு பணமா? நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?" என்று கேட்டார். உன்ஸர் யுங்கெ என்றால் 'நம்ம பையன்'. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. எனக்கு அப்போது இருந்த ஜெர்மனில் பட்டென்று சொன்னேன்: "ட்சு வேனிக்." ரொம்பக் குறைவு.

கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் காலை தலைமை நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பளம் போதவில்லை என்று நோயாளிகளிடம் முறையிடுவது முறையல்ல, எதுவானாலும் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு பாட்டம் பேசினார். என் அலமாரியில் வார்டு முழுக்கச் சேர்ந்து வாங்கிய சாக்லேட் பெட்டி ஒன்று வேறு இருந்தது. ஐயோ மாதாவே, நான் எனக்காகச் சொல்லவில்லை, அந்தப் பந்துக்காரனுக்காகச் சொன்னேன் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். "ஃபுஸ்பால்காரனுக்கா? அவனுக்குச் சம்பளம் குறைவா?" என்று கேட்ட அந்த அம்மாள், எனக்கே ஒரு டாக்டர் தேவையோ என்பது போலப் பார்த்தார்.

எப்படி விளக்குவது? அதற்கு என் அண்ணன் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் ஜங்ஷனை ஒட்டிய மைதானத்தில் லெஃப்ட் அவுட் ஆடியவன் அவன். அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தைத் தட்டித் தட்டி அவர் தோள் இறங்கிப்போனது, அண்ணன் பந்தைத் தட்டித் தட்டி வளர்ந்தான். அவன் ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் மைதானமே எழுந்து நிற்கும். டீ விற்கிறவன் டீயைக் கீழே வைத்துவிடுவான். எங்கள் டீமுக்குத் தலைவர் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மொத்த வியாபாரம், வைத்திருந்தவர், அதனால் மண்டிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கோடை டோர்னமெண்ட் வந்துவிட்டால் மைதானத்தைச் சுற்றித் தென்னந்தட்டி கட்டி, டிக்கெட் போட்டு, மைக் செட் வைத்து அமர்க்களப்படுத்துவார். தட்டிக்கு வெளியே மரத்தில் ஏறிப் பார்க்கிறவனையும் விடமாட்டார், ஆள் வைத்து இறக்கி வசூல் பண்ணிவிடுவார்.

ஒவ்வொரு டீமும் வெளியூரிலிருந்து ஒன்றிரண்டு ஆட்டக்காரர்களை இறக்கும். மெட்ராஸிலிருந்தோ பாண்டிச்சேரியிலிருந்தோ வருவார்கள். அவர்களுக்குப் பெயர் 'கெஸ்ட்டு'. கெஸ்ட்டு வந்தால் லாட்ஜில் ரூம், மட்டன் பிரியாணி, போக வர செலவு, போகும்போது கையில் ஒரு கவர். கெஸ்ட்டு காலை நோகாமல்தான் ஆடுவார். எதிராளி முரட்டுத்தனமாக வந்தால் விலகிக்கொள்வார், ஏனென்றால் அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு கவர் காத்திருக்கும். அந்த இடத்தில் போய் விழுவது எங்கள் அண்ணன். அவனுக்கு இடைவேளையில் பாதி எலுமிச்சம்பழம், ஆட்டம் முடிந்தால் ஒரு கோலி சோடா. கவர் கிடையாது. ஒரு முறை சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் நானே கேட்டேன், அந்த மெட்ராஸ்காரனுக்குக் கொடுக்கிறார்களே, உனக்கு ஏன் கொடுப்பதில்லை என்று. அவன் சிரித்தான். "அவன் கெஸ்ட்டு பாப்பா. நான் நம்ம பையன். நம்ம பையனுக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களா?"

இது மண்டிக்காரரின் வாக்கியம். அவர் அண்ணன் தோளில் கை போட்டு எத்தனையோ தரம் சொல்லி, நாங்களும் கேட்டிருக்கிறோம். "நீ நம்ம பையன்டா ஆரோக்கியம். ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குது. பெரிய ஆபீஸருங்க கிட்ட நான் பேசிக்கினு இருக்கேன். இந்த சீசன் முடியட்டும்." அம்மா அந்தப் பேச்சை நம்பி அவன் தட்டில் மட்டும் தினமும் ஒரு முட்டை வைத்தாள். எனக்கும் அப்பாவுக்கும் குழம்பு. அது எங்களுக்குக் குறையாகவே தெரியவில்லை, அண்ணனுக்கு ரயில்வே உத்தியோகம் வரப்போகிறதே.

திண்டிவனம்காரர்களுக்கு அவன் மேல் ஒரு கண். தங்கள் ஊர் டோர்னமெண்ட்டுக்கு வந்து ஆடித் தரச் சொல்லி மண்டிக்காரரிடம் கேட்டார்கள். "நமக்கும் அவங்களுக்கும் நட்புடா, கேட்டா மறுக்க முடியாது. போய் ஆடிட்டு வா, பேரு நமக்குத்தான்" என்று மண்டிக்காரர் அனுப்பிவைத்தார். பூட்ஸைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அண்ணன் தானே டிக்கெட் எடுத்து பஸ்ஸில் போய்வந்தான். மூன்று கோடை அப்படிப் போனான். கடைசிக் கோடையில் அங்கே அடிபட்டவனை பெஞ்ச் மேல் படுக்க வைத்து வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். முட்டி, பானை போல வீங்கியிருந்தது. மண்டிக்காரர் மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு மூட்டை மல்லாட்டையும் அனுப்பினார். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லை. முட்டி கோணலாகச் சேர்ந்தது. ரயில்வேக்குக் கோணல் முட்டி எதற்கு? பேச்சு அத்தோடு நின்றது. அண்ணன் மண்டியில் தராசு பிடிக்கப் போனான். நர்ஸிங் படித்திருந்த நான், மாதா கோயில் சிஸ்டர்மார் வழியாக ஜெர்மனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவன் முட்டியை மனதில் வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே வந்து பார்த்தால் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: காஸ்ட்அர்பைட்டர். அர்பைட்டர் என்றால் வேலையாள். காஸ்ட் என்றால், நம்பினால் நம்புங்கள், விருந்தாளி. கெஸ்ட்டு! முதல் முறை கேட்டபோது ரயிலில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். இது நம்ம மண்டிக்காரர் கண்டுபிடிப்பாயிற்றே, இங்கே எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டேன். கெஸ்ட்டுக்கு உரிய மரியாதைப்படி எனக்கும் மாதாமாதம் ஒழுங்காகக் கவர் வந்தது. முதல் சேமிப்பை அண்ணனின் ஆபரேஷனுக்கு அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டு, அடிபட்ட சூட்டோடு வந்திருந்தால் சரி செய்திருக்கலாம், இப்போது வலியை வேண்டுமானால் குறைக்கலாம் என்றாராம். அந்த 'சூட்டோடு' என்ற சொல்லை நான் நாள்கணக்கில் மென்றுகொண்டிருந்தேன்.

பெக்கர் கேட்டது நியாயமான கேள்விதான், அதை நான் மறுக்கவில்லை. பூமிக்கு அடியில் கரி தின்று நுரையீரலைத் தொலைத்தவருக்குக் கிடைக்காத பணம், கனத்த உடம்புகளைப் புரட்டிப் புரட்டி இடுப்பு ஒடியும் எனக்குக் கிடைக்காத பணம், பந்தை உதைக்கிறவனுக்கு எதற்கு? அவன் ஒரு ஞாயிறு ஆடாவிட்டால் யாரும் செத்துப்போகப் போவதில்லை. எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. அவன் காலைப் பார்க்கத்தான் ஜனம் டிக்கெட் வாங்குகிறது. அவனுக்குக் கொடுக்காவிட்டால் அது பெக்கருக்கும் எனக்கும் வந்துவிடுமா? வராது. எல்லா ஊரிலும் ஒரு மண்டிக்காரர் இருக்கிறார், இங்கே கோட்டு போட்டிருப்பார், அவ்வளவுதான். இந்த வார்டில் ஆட்டக்காரர்களின் முட்டிகளையும் பார்க்கிறேன். முப்பது வயதில் கிழவன் மாதிரி படியிறங்குகிறார்கள். கால் இருக்கும்போது வாங்கிக்கொள்ளட்டும், மலை போல வாங்கட்டும். 'நம்ம பையன்' என்று தோளில் கை போடுகிறவனின் கையை எடுத்துவிட்டு வாங்கட்டும். இப்படித்தான் நான் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன், போன கோடை வரைக்கும்.

போன கோடைக்கு முன்னால் அண்ணனிடமிருந்து ட்ரங்க் கால் வந்தது. சந்தோஷத்தில் இரைந்து பேசினான். இந்த வருஷ டோர்னமெண்ட்டுக்கு அவன் பேரில் சுழற்கோப்பை வைக்கப் போகிறார்களாம். "ஆரோக்கியம் கோப்பை பாப்பா! மைக்ல சொல்லுவாங்க! நீ லீவு போட்டு ஜல்தியா வந்துடு. செலவுக்கு நீ கொஞ்சம் பார்த்து..." எனக்கு மண்டிக்காரர் மேல் இருந்த கசப்பு அவன் குரலில் கொஞ்சம் கரைந்தது. இத்தனை வருஷம் கழித்தாவது அவன் பெயரைச் சொல்லத் தோன்றியதே என்று நினைத்தேன். அது மட்டும் நடந்தால் போதும், அவன் முட்டிக்குக் கணக்கு ஓரளவு நேராகும் என்று மனசார நம்பினேன். கோப்பைக்கான பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.

மைதானத்தில் அதே தட்டி, அதே மைக். இறுதி ஆட்டம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும். வாசலிலேயே ரோஜாப்பூ மாதிரி மடித்த ரிப்பன் பேட்ஜ் ஒன்றை என் புடவையில் குத்தினார்கள். நடுவில் தமிழில் எழுதியிருந்தது: சீஃப் கெஸ்ட். மண்டிக்காரர் வழுக்கை விழுந்து, அதே சிரிப்போடு கும்பிட்டார். "வாம்மா வா. ஜெர்மனியே எழுந்து வந்த மாதிரி இருக்குது. எங்க போனாலும் நீ நம்ம பொண்ணு." பக்கத்து நாற்காலியில் திண்டிவனம் டீமின் பழைய செக்ரட்டரி, சைக்கிள் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். அண்ணனைப் பற்றிப் பேசப் பேச அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டாகத்தான் சொன்னார்: "உங்க அண்ணனுக்குக் குடுத்த மாதிரி நாங்க எந்தக் கெஸ்ட்டுக்கும் குடுத்ததில்லைங்க. மூணு சீசனும் மெட்ராஸ் பிளேயரை விட ஒசத்தி. கடைசியா முட்டி போச்சே, அப்போ வைத்தியத்துக்குன்னு ஊரே சேர்ந்து தனியா வசூல் பண்ணிக் குடுத்தோம். ஆபரேஷன் நல்லபடியா ஆச்சுங்களா?"

யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஐயா கிட்டதாங்க. பையன் கையில குடுக்காதீங்க, கெட்டுப் பூடுவான், நான் பேங்க்ல போட்டு வெக்கிறேன்னாரு" என்று வெள்ளந்தியாக மண்டிக்காரர் பக்கம் கையைக் காட்டினார். மண்டிக்காரர் தூரத்தில் யாருக்கோ சோடா எடுத்து வரச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். முதலில் இதை அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஏமாற்றப்பட்டது அவன். மற்றதைப் பிறகு நானும் அவனுமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டியை ஒட்டி அவனைத் தேடிப் போனேன்.

அவன் தட்டி மறைவில், கழுத்தில் விசிலோடு, எங்கள் டீம் ஆட்டக்காரன் ஒருவனின் தோளில் கை போட்டு நின்றிருந்தான். அந்தப் பையன் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அவன் கெஸ்ட்டுடா. நீ நம்ம பையன். நம்ம பையனுக்கு யாராச்சும் கூலி குடுப்பாங்களா? உன் வேலை விஷயமா ஐயா பேசிக்கினுதான் இருக்காரு."

பையன் போனதும் கேட்டேன். திண்டிவனம்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் அதிர்ச்சியடைவான், உட்கார்ந்துவிடுவான் என்று எதிர்பார்த்து, பிடித்துக்கொள்ளக் கூட கையை நீட்டியிருந்தேன். அவன் விசில் கயிற்றை விரலில் சுற்றினான்.

"தெரியும் பாப்பா."

"எப்ப தெரியும்?"

"கட்டுப் பிரிக்கிறதுக்குள்ளாறவே தெரியும். வுட்டுத்தள்ளு. இப்ப எதுக்கு அதெல்லாம், பேஜாரு."

"நான் ஜெர்மனிக்குக் கிளம்புறப்ப தெரியுமா? அம்மா அழுதுகினு ஏர்போர்ட்ல நின்னப்ப?"

"அவரு நம்ம ஆளும்மா. நம்ம ஆளு கிட்ட போயி எப்படிக் கணக்கு கேக்கறது? கேட்டிருந்தா மண்டியில வேலை குடுத்திருப்பாரா? இன்னிக்கு இந்தக் கிளப்புக்கு நான்தான் செக்ரட்டரி, தெரியுமில்ல?"

"இந்தப் பையனையும் வெளியூருக்கு அனுப்புறீங்களா?"

அவன் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் விடவில்லை. அவனுக்குக் கொடுக்கிற காசை யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"கிளப்பை நடத்த வேணாமா?" என்றான் அண்ணன்.

மண்டிக்காரர் ஏமாற்றியது பெரிதாகத் தெரியவில்லை, அவர் அப்படித்தான். ஆனால் இவன்? இவன் முட்டிக்காகக் கடல் தாண்டி, கண்டவன் கழிவையெல்லாம் துடைத்து, கிறிஸ்துமஸுக்குத் தனியாக ரொட்டி தின்று நான் இருந்த வருஷங்களெல்லாம், இவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே என் பணத்தை வாங்கி, "சூட்டோடு வந்திருந்தால்" என்று டாக்டர் சொன்னதை எனக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறான். நம்பிக் கெட்டது அவன் இல்லை, நான்தான்.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கோப்பையைக் கையில் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் ஒரே வார்த்தைதான் பேசினேன்: "கெஸ்ட்டுக்குக் குடுக்கிற கூலியை நம்ம பசங்களுக்கும் குடுங்க. அவங்க கையிலயே குடுங்க." மைதானம் முழுக்கக் கைதட்டல். விசில். மண்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்து மைக்கை வாங்கினார். "நம்ம பொண்ணு வெளிநாடு போயும் தமாஷை மறக்கலை பாருங்க!" என்றதும் இன்னும் பெரிய கைதட்டல். அண்ணனும் தட்டினான். கவரை நான் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. ஊரில் இருந்த மிச்ச நாட்களில் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேறு எதைப் பற்றியும் நானும் பேசவில்லை.

திரும்பி வந்தபோது ஹெர் பெக்கர் இரண்டாவது ஆபரேஷனுக்காக மறுபடி வார்டில் இருந்தார். இத்தாலிக்குப் போனவன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. "நம்ம பையன் நம்மை விட்டுப் போனானே, ஷ்வெஸ்டர், நம்பிக்கைத் துரோகம் இல்லையா?" என்றார். இந்தத் தடவை நான் சண்டைக்குப் போகவில்லை. அந்த இத்தாலிக்குப் போனவனும் முட்டி போனபின் ஒரு நாள் ஏதாவது ஒரு கிளப்பில் கோட்டு போட்டு உட்காருவான், அப்போது யார் தோளில் கை போடுவானோ என்று மட்டும் தோன்றியது. தெர்மாமீட்டரை எடுக்க உடுப்புப் பையில் கையை விட்டபோது அந்த ரிப்பன் பேட்ஜும் கூடவே வந்து அவர் போர்வை மேல் விழுந்தது. எப்படி என் பையில் வந்ததென்றே தெரியவில்லை. அழகாக இருக்கிறதே, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"காஸ்ட்," என்றேன்.

"விருந்தாளியா? நீங்கள் உங்கள் சொந்த ஊருக்குத்தானே போனீர்கள்?"

"ஆமாம், அண்ணன் வீட்டுக்கு."

நான் தவறான ஜெர்மன் சொல்லைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். அண்ணன் வீட்டுக்குப் போகிறவள் விருந்தாளி அல்ல, அவளுக்குச் சரியான சொல் வேறு என்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் வெள்ளை உடுப்பில் குத்தியிருந்த ஆஸ்பத்திரிப் பெயர்ப்பட்டையைத் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்: "ஷ்வெஸ்டர்."